கரண்ட் வைத்தோம், காரணம் கேட்கவில்லை

ஓசூர்ப் பக்கம் பிசியோதெரபி என்றால் ஜனங்களுக்குக் ‘கரண்ட் வைக்கிறது’தான். அந்தப் பெயரை எங்களுக்கு யாரும் வேண்டுமென்று சூட்டவில்லை, நாங்களே சம்பாதித்தது. பாகலூர் ரோடு, தளி ரோடு, ராயக்கோட்டை ரோடு என்று எங்கே பார்த்தாலும் மருந்துக்கடைக்கு மேல்மாடியில், திரை போட்டுத் தடுத்த மூன்று கட்டில்களோடு எங்கள் கிளினிக்குகள் நடக்கின்றன. இடுப்பு வலி என்று வருகிறவரைக் குப்புறப் படுக்க வைப்போம். முதுகில் நாலு பட்டை ஒட்டி, குமிழைத் திருகி, “குறுகுறுன்னு தெரியுதா?” என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். கால் மணி நேரத்தில் மெஷின் கீச்சிடும். பட்டையைக் கழற்றிக்கொண்டே, “பத்து சிட்டிங் விடாம வந்துடுங்க” என்போம்.

எங்கள் கேஸ் ஷீட்டில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் உண்டு. பழைய தாள்களைப் புரட்டினால் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ‘கம்பெனி’ என்றே இருக்கும். அதற்கு மேல் எழுத எங்களுக்குத் தோன்றவில்லை. எந்த லைன், நின்றுகொண்டா உட்கார்ந்துகொண்டா, ஒரு ஷிப்டில் எத்தனை முறை குனிகிறார், எத்தனை கிலோ தூக்குகிறார், இடையில் வேலையை மாற்றிக் கொடுக்கிறார்களா? இதில் ஒன்றைக்கூடக் கேட்காமல், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து ‘எல் 4, எல் 5’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700ஆம் ஆண்டில் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு ‘என்ன வேலை செய்கிறாய்’ என்பதையும் கேட்டாக வேண்டும் என்று அதில் சொன்னார். முந்நூறு வருஷம் கழித்து, ஒரு தொழில் நகரத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் அதைக் கேட்கவில்லை.

இந்த ஊரின் கதை தெரியாதவர்கள் அல்ல நாங்கள். எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. எண்பதுகளில் அசோக் லேலண்ட் லாரி, டிவிஎஸ் மொபெட், டைட்டன் கைக்கடிகாரம் என்று வரிசையாக இங்கிருந்து போகத் தொடங்கின. 2004இல் தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. இப்போது மின்சார ஸ்கூட்டரும் செல்போன் பாகமும் வந்துவிட்டன. அந்தப் புது லைன்களில் நிற்பவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். ஊத்தங்கரை, அரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் கிளம்பும். கழுத்து ஒரு பக்கமாகத் தொங்க, உட்கார்ந்தபடியே தூங்கி வருவார்கள்.

பெரிய கம்பெனிகள் கண்ணில் படுகிறவை. அவற்றுக்குப் பாகம் செய்துகொடுக்கும் சின்ன லேத் பட்டறையும் பிரஸ் ஷாப்பும் சந்துக்குச் சந்து இருக்கின்றன. தளி, கெலமங்கலம் பக்கம் பசுமைக்குடில்களில் ரோஜா. பர்கூர்ப் பக்கம் கிரானைட். மாம்பழ சீசனில் கூழ் ஆலைகள். ஜாக்ஹாமர் பிடிக்கிறவரின் விரல் மரத்துப்போவதும், நாள் முழுக்க நின்றே வேலை செய்கிற பெண்ணின் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதும் எங்கள் பாடப் புத்தகத்தில் இருப்பவைதான். தமிழில் இடுப்பு வலி என்பார்கள், தெலுங்கில் நடுமு நொப்பி, கன்னடத்தில் சொண்ட நோவு, பீகார்ப் பையன்கள் கமர் தர்த் என்பார்கள். நாலு பாஷையிலும் கேட்டோம். நாலு பேருக்கும் ஒரே மெஷின்.

எல்லாக் கிளினிக்கிலும் நடந்த ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம். இருபத்தோரு வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் வலி. பக்கெட்டைத் தூக்க முடியவில்லை, தலை பின்ன முடியவில்லை. கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடச் சொல்லி, முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தால் “அம்மா” என்று கையை இழுத்துக்கொள்கிறாள். இது ‘டி கெர்வைன்’ என்று மூன்றாம் வருஷ மாணவருக்கே தெரியும். கட்டைவிரலை இழுக்கும் நாண்கள் மணிக்கட்டில் ஓர் உறைக்குள் ஓடுகின்றன. ஒரே அசைவு ஓய்வில்லாமல் நடந்தால் உறை தடித்து, நாண் அதில் சிக்கி உரசுகிறது. அல்ட்ராசவுண்ட் கொடுத்தோம், கைக்குப் பட்டை கட்டச் சொன்னோம், வலி குறைந்தது, போனாள். சில வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். ஹாஸ்டலில் அதே அறையில் இருக்கும் இன்னொரு பெண்ணும் கூட வந்தாள். அவளுக்கும் அதே இடத்தில் அதே வலி.

“நீயும் இவ லைன்தானாம்மா?”

“ஆமா மேடம். ரெண்டு பேரும் கிளிப் அமுத்துறோம். கட்டைவிரலாலதான் அமுத்தணும். எங்க லைன்ல நெறைய பேருக்கு இருக்கு மேடம். லீவு போட்டா அட்டெண்டன்ஸ் போனஸ் போயிடும், அதனால யாரும் சொல்றதில்ல.”

ஒரே லைன், ஒரே விரல், ஒரே வலி. அந்த இடத்தில் எங்கள் வேலை கிளினிக்கை விட்டு வெளியே போயிருக்க வேண்டும். கிளிப்பை உள்ளங்கையால் அமுத்துகிற மாதிரி ஒரு கைப்பிடி செய்து கொடுக்க முடியுமா, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை வேறு வேலைக்கு மாற்றிவிட முடியுமா, பலகையின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியுமா என்று கம்பெனிக்கு ஒரு கடிதமாவது எழுதியிருக்கலாம். நாங்கள் எழுதியது இரண்டு அட்டை, ஆளுக்குப் பத்து சிட்டிங். இரண்டாவது ஆளைக் கூட்டி வந்ததற்காக உள்ளுக்குள் சந்தோஷப்படவும் செய்தோம். கசப்பாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் தொழில் நடத்தினோம்.

அந்த மெஷினைப் பற்றியும் பேசிவிட வேண்டும். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் முதன்முதலாக 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சியும், வலி ஏன் வருகிறது என்று நோயாளிக்குப் புரிய வைப்பதும் பலன் தரும் என்றது. வெயிட் போட்டு இழுக்கும் டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட், டென்ஸ் என்கிற கரண்ட், இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. இந்த நான்கையும் எடுத்துவிட்டால் எங்களில் பலருடைய கிளினிக்கில் மிஞ்சுவது கட்டிலும் திரையும்தான். வழிகாட்டுதலை வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம். மெஷினை யாரும் அணைக்கவில்லை; சில பேர் தவணையில் புது மெஷின் வாங்கினோம்.

தடுக்க முடியும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016இல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் வெளியான கட்டுரை, உடற்பயிற்சியும் விளக்கமும் சேர்ந்தால் இடுப்பு வலி வருகிற வாய்ப்பு 45 சதவீதம் அளவுக்குக் குறைகிறது என்றது. பெல்ட்டும், ஷூவுக்குள் வைக்கிற அட்டையும் தடுப்பதாகத் தெரியவில்லை என்றும் சொன்னது. 2024இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு வந்தது. இடுப்பு வலி வந்து ஆறியிருந்த 701 பேர். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆனது, சும்மா விடப்பட்டவர்களுக்கு 112 நாள், இரண்டும் நடுமதிப்பு. அதற்கு மெஷினும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு உடனே எங்களுக்குள் ஒரு புது வியாதி கிளம்பியது. வருகிறவர்களிடமெல்லாம் “தெனமும் அரை மணி நேரம் வாக்கிங் போங்க” என்று சொல்லத் தொடங்கினோம். ஷிப்ட் முழுக்க நின்றுவிட்டு, ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்து, சமைத்துப் போட்டுவிட்டுப் படுக்கிற பெண்ணிடம் வாக்கிங் போகச் சொல்வதில் ஒரு திமிர் இருக்கிறது. வலி வேலையிடத்தில் உண்டாகிறது என்றால் வைத்தியமும் அங்கேதான் தொடங்க வேண்டும். பின்லாந்தில் 1978இலேயே தொழில்சார் சுகாதாரத்துக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. அங்கே பிசியோதெரபிஸ்ட் தொழிற்சாலைக்குள் போய், ஆள் நிற்கிற இடத்தையும் பிடிக்கிற கருவியையும் பார்த்து யோசனை சொல்வது சாதாரண வேலை. ஜப்பானில் 1928இல் ரேடியோவில் தொடங்கிய காலை உடற்பயிற்சி இன்றுவரை ஆலைகளில் நடக்கிறது. அந்தப் பாணியில் ஷிப்ட் தொடங்குமுன் ஐந்து நிமிடம் கை கால் ஆட்டும் கம்பெனிகள் இங்கேயும் உண்டு. நிற்கிறவருக்கும் உட்காருகிறவருக்கும் தூக்குகிறவருக்கும் ஒரே ஆட்டம். அதைத் திருத்திக் கொடுக்கிறோம் என்று நாங்கள் யாரும் போய்க் கேட்டதில்லை.

ஏன் கேட்கவில்லை? காசுதான் முதல் காரணம், சுற்றி வளைப்பானேன். சிட்டிங்குக்குக் காசு வரும்; வராமல் தடுத்த வலிக்கு யார் தருவார்? இன்னொரு காரணம் எங்கள் பிறப்பிலேயே இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் மும்பையில் இந்தியாவின் முதல் பிசியோதெரபி பள்ளி தொடங்கியபோது கண்ணெதிரே இருந்தது போலியோ. கால் சூம்பிய பிள்ளையை நடக்க வைக்கப் பிறந்த தொழில் இது. போலியோவைத் தடுத்தது சொட்டு மருந்து. நாங்கள் அதற்குப் பின்னால் வருகிறவர்கள். 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று வாங்கியது. நாங்கள் மட்டும் பின்னால் வருகிற பழக்கத்தை விடவில்லை.

சட்டத்தைப் படித்திருந்தாலாவது கொஞ்சம் ரோஷம் வந்திருக்கும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், காயம் உண்டாக்கும் அளவு பாரத்தை யாரையும் தூக்க வைக்கக் கூடாது என்று 34ஆம் பிரிவு சொன்னது. நின்று வேலை செய்கிறவர்கள் இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்று 44ஆம் பிரிவு சொன்னது. அதே சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் தெரிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய்கள் 29. ஈய நஞ்சும் சிலிகோசிஸும் இருந்தன, இடுப்பும் மணிக்கட்டும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தன் பட்டியலில், திரும்பத் திரும்பச் செய்கிற அசைவால் கட்டைவிரல் பக்கத்து நாண் வீங்குவதைத் தொழில் நோயாகச் சேர்த்துவிட்டது. அந்த ஹாஸ்டல் பெண்களின் வலிக்கு உலகப் பட்டியலில் இடம் இருந்தது, எங்கள் தாளில் இல்லை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கொரு இலவச உடல் பரிசோதனை என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கிளிப் அமுத்துகிறவளுக்கு வயது இருபத்தொன்று.

எங்களில் சிலரையாவது கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து எழுப்பி வெளியே அனுப்பியது அரசாங்கம். அதுவும் எங்கள் மாவட்டத்திலேயே நடந்தது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கி வைத்தார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கு வரும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வருவார்கள். வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட். 2024 செப்டம்பரில் திட்டத்துக்கு ஐ.நா. பணிக்குழுவின் விருதும் கிடைத்தது.

அந்த வேலைக்குப் போனவர்களைத் தனியார் கிளினிக் வைத்திருந்த நாங்கள் எப்படிப் பார்த்தோம்? “படிச்ச படிப்புக்கு வீடு வீடா அலையணுமா” என்றோம். அலைந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று போய்ப் பார்க்கவில்லை. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன பெரியவரை எப்படித் திருப்பிப் போடுவது என்று மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். திண்ணைத் தூணைப் பிடித்து எழுந்து நிற்கப் பழக்கினார்கள். கழிவறைக்குப் போகிற வழியில் தடுக்கும் கல்லை எடுத்துப் போடச் சொன்னார்கள். ஒரு கிழவி விழாமல் இருந்ததற்கு அந்தக் கல்லை எடுத்தது காரணமாக இருக்கலாம். அதற்கு எந்த சிட்டிங் கணக்கும் கிடையாது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பத்து வட்டாரம். 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 18.8 லட்சம் ஜனங்கள். வட்டாரத்துக்கு ஒருவர் எந்த மூலைக்கு? இன்னும் ஆள் போடுங்கள் என்று குரல் கொடுக்க வேண்டியவர்கள் அன்று ஏளனம் பேசிக்கொண்டிருந்தோம்.

2024இல் அதே திட்டம் தொழிற்சாலைகளுக்குள்ளும் நுழைந்தது. வேலை செய்கிற இடத்திலேயே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். கேட் திறந்துவிட்டது என்று அர்த்தம். முதுகையும் தோளையும் மணிக்கட்டையும் சேர்த்துப் பாருங்கள், அதற்குக் கேள்வித்தாள் நாங்கள் தயார் செய்து தருகிறோம் என்று ஓசூரிலிருந்து ஒரு மனு போயிருக்க வேண்டும். நாங்கள் போடவில்லை.

மனு போடத் தெரியாதவர்கள் இல்லை. பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடுவதற்கு எத்தனை மனு! 2021இல் துணை மருத்துவத் தொழில்களுக்குத் தனிச் சட்டம் வந்து, அதில் எங்களுக்கும் ஓர் இடம் கிடைத்தது. 2025 பாடத்திட்டத்தில் ‘டாக்டர்’ என்று முன்னாலும் ‘பி.டி.’ என்று பின்னாலும் போட்டுக்கொள்ளலாம் என்று வந்தது. 2025 செப்டம்பர் 9ஆம் தேதி, போடக் கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் கடிதம் எழுதியது. மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. அந்த இரண்டு நாளும் எங்கள் வாட்ஸ்அப் குழுக்கள் கொதித்ததைப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு முந்தின நாள், செப்டம்பர் 8, உலக பிசியோதெரபி தினம். முதியவர்கள் தளர்ந்து விழுவதைத் தடுப்பது என்பதே அந்த வருஷத்துக்கான பொருள். அதற்கும் முந்தின வருஷம் இடுப்பு வலி. இரண்டு வருஷமும் கேக் வெட்டிப் படம் போட்டோம். பட்டத்துக்கான உரிமை நியாயமானது என்றே நினைக்கிறோம், படித்தவர்கள் கேட்கட்டும். ஆனால் அந்தக் கொதிப்பில் கால்பங்கு ஒரு கிளிப்பின் கைப்பிடிக்காகவும் வந்திருக்கலாம்.

தண்ணீர் விஷயத்தையும் விட்டுவிட்டோம். கிருஷ்ணகிரி, தர்மபுரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே அதற்காகத்தான். போர்வெல் தண்ணீரைப் பல வருஷம் குடித்தவருக்கு எலும்பில் ஃபுளோரைடு படிந்து, முதுகு பலகையாக இறுகிப்போகலாம். அப்படி வந்தவர்களிடம் “தேய்மானம்” என்றோம், “வயசாச்சுல்ல” என்றோம். சின்ன வயதில் எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்டிருந்தால், சந்தேகம் வந்து மருத்துவக் கல்லூரிக்காவது அனுப்பியிருப்போம்.

வேலையிடத்தை உடம்புக்கு ஏற்ப அமைக்கிற எர்கோனாமிக்ஸ் எங்களுக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி வழியாக எலக்ட்ரானிக் சிட்டி போனால், எங்களோடு படித்தவர்கள் ஐ.டி. கம்பெனிகளில் நாற்காலியின் உயரத்தையும் கம்ப்யூட்டர் திரையின் சாய்வையும் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல சம்பளம், நல்ல வேலை. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் வருகிற அறிவு இந்தப் பக்கம் வரும்போது எங்கே போகிறது என்பதற்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை.

கம்பெனி நிர்வாகிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. 500 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்பது பழைய விதி. அந்த அறைக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஒரு பிசியோதெரபிஸ்டைக் கூப்பிடுங்கள்; அறையில் உட்கார வைக்காமல் லைனுக்கு அனுப்புங்கள். கூப்பிடாவிட்டாலும் நாங்கள் வந்து கேட்க வேண்டும், இனி கேட்போம்.

வலியோடு எங்களிடம் வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எக்ஸ்ரேயை மட்டும் கொண்டுவராதீர்கள். செல்போனை உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும், அதனால் படம் வேண்டாம். எழுந்து நின்று, லைனில் என்ன செய்கிறீர்களோ அதை அப்படியே செய்து காட்டுங்கள். ஒரு ஷிப்டில் எத்தனை முறை என்று சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கிறவருக்கும் அதே இடத்தில் வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். அதையெல்லாம் காதில் வாங்காமல் நாங்கள் கட்டிலைக் காட்டினால், காசு கொடுக்காதீர்கள்.